நோய்க்குப் பெயர் வரவில்லை, டிக்கெட் எடுத்தாயிற்று: பிரிட்டனில் பயணக் காப்பீடு எடுக்கும் வழி

சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா என்று பெயர் உள்ள நோயோடு பயணக் காப்பீடு எடுப்பது பிரிட்டனில் பெரிய வித்தை இல்லை. கொஞ்சம் கூடுதல் பணம், கொஞ்சம் கூடுதல் கேள்விகள், அவ்வளவுதான். சிக்கல் வேறோர் இடத்தில் இருக்கிறது. ஒருவருக்கு நடக்கும்போது தலை சுற்றுகிறது. ஒருமுறை குளியலறையில் மயங்கி விழுந்திருக்கிறார். ஜி.பி. (குடும்ப மருத்துவர்) பார்த்துவிட்டு இருதயப் பிரிவுக்கு எழுதிப் போட்டிருக்கிறார். 24 மணி நேர இசிஜி கருவி மாட்ட இன்னும் தேதி வரவில்லை. ஆகஸ்ட்டில் ஊருக்குப் போக டிக்கெட் எடுத்தாயிற்று. இந்த நிலையில் காப்பீட்டு விண்ணப்பம் 'உங்களுக்கு ஏதேனும் உடல்நலக் குறைபாடு உண்டா?' என்று கேட்கிறது. இன்னும் ஒன்றும் உறுதியாகவில்லையே என்று 'இல்லை' பொத்தானை அழுத்தத்தான் கை போகும்.

அழுத்தாதீர்கள். பிரிட்டனுக்குப் புதிதாகக் குடிவந்து, நோய்க்குப் பெயர் தெரியாத நிலையில் முதன்முறையாகப் பயணக் காப்பீடு எடுக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், காப்பீட்டு நிறுவனங்கள் ஏன் இப்படி முரண்டு பிடிக்கின்றன என்பதைப் புரிந்துகொள்வது நல்லது. மருத்துவக் கேள்விகளுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு கணினி நிரல்தான் இருக்கிறது. சர்க்கரை நோய் என்று சொன்னால் அது அடுத்தடுத்துக் கேட்கும்: மாத்திரையா ஊசியா, கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்ந்தது எப்போது, கண்ணும் சிறுநீரகமும் எப்படி. பதில்களைக் கூட்டிப் பார்த்து ஒரு விலை சொல்லும். 'தலைசுற்றல், காரணம் தெரியவில்லை' என்றால் அதனால் கணக்குப் போட முடியாது. காதுக்குள் ஏற்பட்ட சின்னக் கோளாறாகவும் இருக்கலாம், இருதயத் துடிப்பின் கோளாறாகவும் இருக்கலாம். ஒன்றுக்கு ஐந்து பவுண்டு கூட்டினால் போதும். மற்றொன்றுக்கு ஐந்நூறு கூட்டினாலும் போதாது. அதனால்தான் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து ஆண்டுகள் கடந்தவருக்குக் கிடைக்கிற பாலிசி, ஸ்கேன் முடிவுக்குக் காத்திருக்கிறவருக்குக் கிடைக்காமல் போகிறது. அநியாயம்போலத் தோன்றும். ஆனால் அவர்கள் விலை போடுவது நோய்க்கு. தெரியாமைக்கு விலை போட அவர்களிடம் அட்டவணை கிடையாது.

சட்டம் உங்களிடம் எதிர்பார்ப்பது என்ன

தனிநபர்கள் எடுக்கும் காப்பீட்டுக்கென்று பிரிட்டனில் 2012இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு, கேட்காவிட்டாலும் முக்கியமானதை நீங்களாகவே சொல்லியிருக்க வேண்டும் என்று நிறுவனங்கள் வாதாட முடிந்தது. இப்போது அந்தப் பாரம் நம் தலையில் இல்லை. கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்தோடு, உண்மையாகப் பதில் சொன்னால் போதும்.

தவறாகச் சொன்னால் என்ன ஆகும் என்பதையும் அதே சட்டம் வகைப்படுத்துகிறது. தெரிந்தே மறைத்தாலோ, உண்மையா பொய்யா என்று அக்கறைப்படாமல் சொன்னாலோ, பாலிசியையே செல்லாததாக்கலாம். கட்டிய பிரீமியத்தைக்கூடத் திருப்பித் தர வேண்டியதில்லை. கவனக்குறைவால் விட்டுப்போயிருந்தால், உண்மை தெரிந்திருந்தால் நிறுவனம் என்ன செய்திருக்கும் என்று பார்ப்பார்கள். கூடுதல் பிரீமியம் வாங்கியிருக்கும் என்றால் இழப்பீடு அந்த விகிதத்தில் குறையும். நீங்கள் கட்டியது 60 பவுண்டு, கட்டியிருக்க வேண்டியது 90 பவுண்டு என்றால், 3,000 பவுண்டு செலவுக்கு 2,000 வரும். பாலிசியே கொடுத்திருக்காது என்றால், பிரீமியத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கைகழுவிவிடலாம். பெயர் தெரியாத நோய்க்காரர்கள் பலரும் இந்தக் கடைசி வகையில்தான் மாட்டுகிறார்கள். ஏனென்றால் 'பரிசோதனைக்குக் காத்திருக்கிறேன்' என்று சொல்லியிருந்தால் பல நிறுவனங்கள் அந்த விஷயத்துக்குப் பாலிசி கொடுத்திருக்காது.

'வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதே' என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. வேறு எதற்குப் பொருந்துகிறதோ, இதற்குப் பொருந்தாது. பெரிய தொகைக்கு இழப்பீடு கோரினால் உங்கள் ஜி.பி. ஆவணங்களை அவர்கள் கேட்டு வாங்கிப் படிப்பார்கள். எந்தத் தேதியில் எந்தக் குறையோடு போனீர்கள் என்பது அதில் பதிவாகியிருக்கும்.

முதல் வேலை: உங்கள் ஆவணத்தை நீங்களே படியுங்கள்

விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். இங்கிலாந்தில் இருப்பவர்கள், அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ்.ஸின் செயலியில் நுழைந்தால் ஜி.பி. குறிப்புகள், பரிசோதனை முடிவுகள், ஆஸ்பத்திரிக் கடிதங்கள் ஆகியவற்றைப் பெரும்பாலும் பார்க்கலாம். அங்கே கிடைக்காதவற்றைக் கிளினிக்கில் எழுதிக் கேட்கலாம். தகவல் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் ஆவணத்தின் நகலை ஒரு மாதத்துக்குள், சாதாரணமாகக் கட்டணம் இல்லாமல், கொடுத்தாக வேண்டும்.

படிக்கும்போது கேள்விக்குறிகளைத் தேடுங்கள். மருத்துவர்கள் சந்தேகப்படுகிற நோயின் பெயருக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி போட்டு எழுதுவது வழக்கம். உங்களிடம் 'ஒன்றுமிருக்காது, எதற்கும் ஒருமுறை பார்த்துவிடலாம்' என்று சிரித்தபடி சொல்லியிருப்பார். கடிதத்தில் '? சீரற்ற இதயத் துடிப்பு' என்று இருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. மருத்துவத்தில் அது சாதாரண எழுத்துமுறை. ஆனால் நாளைக்கு உங்கள் கோரிக்கையைப் பரிசீலிக்கிறவர் முதலில் விரல் வைப்பது அந்த வரியில்தான். அவர் கண்ணில் படுவதற்கு முன் உங்கள் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

பிறகு ஒரே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அறிகுறி எப்போது தொடங்கியது, எத்தனை முறை வந்தது, யாரைப் பார்த்தீர்கள், எந்தப் பரிசோதனை முடிந்தது, எது பாக்கி, எந்தப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறார்கள், என்ன மருந்து. தேதிகள் முக்கியம். தொலைபேசியில் 'போன வருஷம் போல இருக்கும்' என்று இழுத்தால் எதிர்முனையில் இருப்பவர் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பதிந்துவிடுவார். பிறகு அது உங்கள் வாக்குமூலமாகிவிடும்.

பரிசோதனையை முன்னதாக வைக்க முடியுமா என்றும் ஜி.பி.யிடம் கேளுங்கள். புற்றுநோய்ச் சந்தேகத்தில் அவசரமாக அனுப்பப்பட்டவர்களுக்கு 28 நாளுக்குள் உண்டு அல்லது இல்லை என்று சொல்லிவிட வேண்டும் என்பது இங்கிலாந்தில் என்.எச்.எஸ்.ஸின் இலக்கு. உங்கள் பயணம் அதற்கு அப்பால் இருந்தால், காப்பீட்டை அலசுவதைவிட அந்தப் பதிலுக்குக் காத்திருப்பதே மேல். மற்றப் பிரிவுகளில் காத்திருப்பு நீளும். யாராவது ரத்து செய்த இடம் கிடைத்தால் வரத் தயார் என்று ஆஸ்பத்திரியின் முன்பதிவு அலுவலகத்தில் சொல்லி வைத்தால் சில நேரம் பலன் கிடைக்கும்.

கேள்வியைச் சொல் சொல்லாகப் படியுங்கள்

எல்லா நிறுவனமும் ஒரே கேள்வியைக் கேட்பதில்லை. ஒன்று 'கடந்த இரண்டு ஆண்டுகளில் மருத்துவரைப் பார்த்த எந்தக் குறைபாடும்' என்று கேட்கும். இன்னொன்று ஐந்து ஆண்டு என்று கேட்கும். இருதயம், பக்கவாதம், புற்றுநோய், மூச்சுக்கோளாறு ஆகியவற்றுக்கு மட்டும் 'எப்போதாவது' என்று காலவரையில்லாமல் கேட்பவர்கள் உண்டு. நமக்கு முக்கியமான கேள்வி பெரும்பாலும் தனியாக, பட்டியலின் கடைசியில் வரும்: 'ஏதேனும் பரிசோதனைக்கோ, அதன் முடிவுக்கோ, நிபுணரைப் பார்ப்பதற்கோ, சிகிச்சைக்கோ காத்திருக்கிறீர்களா?' நம் தலைசுற்றல்காரருக்கு இதற்கு ஒரே பதில்தான், ஆம். சிலர் 'மருத்துவரைப் பார்க்காத அறிகுறிகள் ஏதேனும் உண்டா?' என்றும் கேட்பார்கள். போகாமலிருந்தால் சொல்ல வேண்டியதில்லை என்று ஜி.பி.யைத் தள்ளிப்போடுகிறவர்களை இந்தக் கேள்வி பிடித்துக்கொள்ளும். அது ஒரு பக்கம் இருக்கட்டும். பயணத்துக்காகத் தலைசுற்றலை மருத்துவரிடம் மறைப்பது முட்டாள்தனம் என்பதற்குக் காப்பீட்டுச் சட்டம் தேவையில்லை.

வங்கிக் கணக்கோடு சேர்ந்து வரும் பயணக் காப்பீட்டை நம்பியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் உங்கள் உடல்நிலையைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் விரிவாகக் கேட்டிருக்க மாட்டார்கள். அதனால் எல்லாம் உள்ளடக்கம் என்று பொருளல்ல. உடல்நலக் குறைபாடு இருந்தால் நீங்களே அழைத்துச் சொல்ல வேண்டும் என்று பாலிசிப் புத்தகத்தில் பெரும்பாலும் இருக்கும்.

இங்கே புதிதாக வந்தவர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரிட்டனில் வசிக்க வேண்டும், ஜி.பி.யிடம் பதிந்திருக்க வேண்டும், பயணம் பிரிட்டனில் தொடங்கி பிரிட்டனில் முடிய வேண்டும் என்று பல பாலிசிகள் நிபந்தனை விதிக்கின்றன. சில, இத்தனை மாதமாவது இங்கே குடியிருந்திருக்க வேண்டும் என்கின்றன. வந்த மூன்றாம் மாதமே ஊருக்குப் போகிறவர் இதைப் பார்க்காமல் பணம் கட்டினால் அது தண்டம்.

இணையத்தை மூடிவிட்டுத் தொலைபேசியை எடுங்கள்

விலை ஒப்பிடும் இணையதளங்கள் ஆம், இல்லை இரண்டுக்கும் நடுவில் இடம் விடுவதில்லை. உங்கள் நிலைமை அந்த நடுவில்தான் இருக்கிறது. ஆகவே நேரடியாகப் பேசுங்கள். உரையாடல் ஏறக்குறைய இப்படிப் போகும்.

'ஐயா, இருதய நோய் உண்டா?'

'இல்லை என்று சொல்ல முடியாது, உண்டு என்றும் சொல்ல முடியாது. மார்ச்சில் ஒருமுறை மயக்கம் வந்தது. ஜி.பி. இருதயப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறார். 24 மணி நேர இசிஜி இன்னும் எடுக்கவில்லை. மருந்து எதுவும் இல்லை.'

'அப்படியானால் இருதய நோய் என்று பதியட்டுமா?'

இந்த இடத்தில் 'சரி' என்று சொல்லிவிடாதீர்கள். இல்லாத நோயை ஒப்புக்கொண்டால் விலை எகிறும், அதோடு உண்மையான நிலைமையும் பதிவாகாது. 'நோய் எதுவும் உறுதியாகவில்லை, பரிசோதனைக்குக் காத்திருக்கிறேன் என்று பதியுங்கள்' என்று சொல்லுங்கள். பிறகு மூன்று கேள்விகளை நீங்கள் கேட்க வேண்டும். இந்த மயக்கம் சம்பந்தமாக வெளிநாட்டில் ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் கொடுப்பீர்களா? புறப்படுவதற்கு முன் பரிசோதனைத் தேதியோ முடிவோ குறுக்கே வந்து பயணம் ரத்தானால் டிக்கெட் பணம் வருமா? இதோடு தொடர்பில்லாத விபத்து, காய்ச்சல், களவு எல்லாம் வழக்கம்போல உள்ளடக்கமா?

வருகிற பதில்கள் ஏறக்குறைய நான்கு வகை. பாலிசியே கிடையாது என்பது ஒன்று. 'அந்த அறிகுறியும் அதிலிருந்து விளைகிற எதுவும் நீங்கலாக மற்றதெல்லாம் தருகிறோம்' என்பது அடிக்கடி கேட்பது. வெளிநாட்டு மருத்துவச் செலவு தருவோம், ரத்துக்கான பணம் தரமாட்டோம் என்பவர்கள் சிலர். கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு முழுமையாகத் தருகிறவர்களும் இருக்கிறார்கள், அதிகம் இல்லை.

இரண்டாவது வகையை நான் ஒதுக்கிவிடச் சொல்லமாட்டேன், ஆனால் அதன் ஓட்டை எவ்வளவு பெரியது என்று அளந்து பாருங்கள். முழங்கை மரத்துப்போவதற்கு எம்ஆர்ஐ காத்திருக்கிறவர், அது நீங்கலான பாலிசியோடு இரண்டு வாரம் போய்வருவதில் பெரிய ஆபத்து இல்லை. மயங்கி விழுந்தவர் நிலை வேறு. நியூயார்க்கில் மயங்கி விழுந்து தலையில் அடிபட்டால், அந்த அடியும் 'அதிலிருந்து விளைந்தது' என்று வாதாடுவார்கள். நீங்கலாக்கப்பட்டதுதான் நடக்க மிகவும் வாய்ப்புள்ள விஷயம், போகிற நாடோ மருத்துவச் செலவு கழுத்தை நெரிக்கிற நாடு என்றால், பயணத்தைத் தள்ளிப்போடுவதுதான் என் கருத்து. டிக்கெட் தேதி மாற்றும் கட்டணத்தை முதலில் விசாரியுங்கள். ஆயிரம் பவுண்டுக்கு டிக்கெட் எடுத்துவிட்டு நாற்பது பவுண்டு மிச்சம் பிடிக்க மலிவான பாலிசியைத் தேடுவது, யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுகிற கதை.

ஒரு நிறுவனம் கைவிரித்தால் அதோடு நின்றுவிடாதீர்கள். 2021 ஏப்ரலில், காப்பீட்டு நிறுவனங்களைக் கண்காணிக்கும் நிதி நடத்தை ஆணையம் ஒரு விதி கொண்டுவந்தது. உடல்நலக் குறைபாட்டுக்காக மறுத்தாலோ, பிரீமியத்தை மிகவும் உயர்த்தினாலோ, உடல்நலக் குறைபாடு உள்ளவர்களுக்கென்றே பாலிசி தரும் சிறப்பு நிறுவனங்களின் பட்டியலை நிறுவனமே உங்களுக்குக் காட்ட வேண்டும். அரசு ஆதரவில் இயங்கும் பண ஆலோசனைச் சேவையான மணிஹெல்பர் அப்படி ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பிரிட்டிஷ் காப்பீட்டுத் தரகர்கள் சங்கமான பீபாவிடம் கேட்டால் தரகரைக் காட்டுவார்கள். இந்தச் சிறப்பு நிறுவனங்களுக்குப் பெயரில்லாத நோய் புதிதல்ல. கேள்விகளும் பொறுமையாக இருக்கும்.

பேசி முடித்ததும் சொன்னதை எழுத்தில் வாங்குங்கள். மருத்துவ அறிக்கை என்ற பெயரில் நீங்கள் தந்த பதில்களை மின்னஞ்சலில் அனுப்புவார்கள். அதில் 'பரிசோதனைக்குக் காத்திருக்கிறார்' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அன்றைக்கே திருத்தச் சொல்லுங்கள். பேசியவர் பெயர், நாள், நேரம் குறித்துக்கொள்ளுங்கள். அழைப்புகளைப் பெரும்பாலும் பதிவு செய்கிறார்கள், பின்னால் அந்தப் பதிவைக் கேட்டு வாங்கலாம். ஆண்டு பாலிசி என்றால் 14 நாளுக்குள் வேண்டாமென்று திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு. ஒரு மாதத்துக்குக் குறைந்த ஒற்றைப் பயணப் பாலிசிக்கு அந்த உரிமை கட்டாயமில்லை.

'விமானத்தில் பறக்கத் தகுதியானவர்' என்று மருத்துவர் கொடுக்கும் சான்றிதழை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது விமான நிறுவனம் ஏற்றிக்கொள்வதற்கு. காப்பீட்டு நிறுவனம் அதைப் பார்த்துப் பணம் தராது. மாறாக, போகாதே என்று மருத்துவர் சொல்லியும் போனால் எந்தப் பாலிசியும் கைகொடுக்காது.

பரிசோதனைக்காகவே சென்னைக்குப் போகிறவர்கள்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே ஸ்கேனுக்கு மாதக்கணக்கில் காத்திருப்பு, அங்கே மறுநாளே எடுத்துவிடலாம் என்று விடுமுறையோடு சேர்த்து ஊரில் முழு உடல் பரிசோதனைக்கும் நேரம் குறித்து வைப்பது நம்மவர்களிடம் பரவலான பழக்கம். அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் சிகிச்சைக்கோ பரிசோதனைக்கோ பயணம் செய்வதை வழக்கமான பயணப் பாலிசிகள் ஏற்பதில்லை. பரிசோதனைச் செலவு வராது என்பது சின்ன விஷயம். ஆஞ்சியோகிராம் எடுக்கும்போது சிக்கலாகி ஒரு வாரம் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாலும் வராது. பயணத்தின் நோக்கம் என்ன என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். சிகிச்சைப் பயணத்துக்கென்றே பாலிசி விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு விபரீதம்: ஊரில் பரிசோதித்து நோய்க்குப் பெயர் தெரிந்துவிட்டால், அந்தப் பெயரை உங்கள் ஆண்டு பாலிசிக்காரருக்கும் தெரிவிக்க வேண்டியிருக்கும்.

பாலிசி எடுத்த பிறகு உடல்நிலை மாறினால்

பாலிசி எடுத்த அன்று ஒன்றுமில்லை, மூன்று வாரம் கழித்துத் தலைசுற்றல் தொடங்கியது என்று வைத்துக்கொள்வோம். பல பாலிசிகள் புறப்படும் நாள்வரை உடல்நல மாற்றத்தைத் தெரிவிக்கச் சொல்கின்றன. ஆண்டு பாலிசியில் ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும். சொன்னால் ரத்தாகிவிடுமோ என்று பயப்படுவார்கள். உண்மையில் இந்த நிலைமை, நோயோடு புதிதாக எடுப்பதைவிட நல்லது. தொடர்ந்து தர முடியாது என்றால் பயணத்தை ரத்து செய்த செலவைக் கோரலாம் என்று பல பாலிசிகளில் இருக்கிறது. டிக்கெட் எடுத்த அன்றே பாலிசியும் எடுங்கள் என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

ஊரில் இருக்கிற அப்பா, அம்மாவின் உடல்நிலையையும் மறக்க வேண்டாம். அவர்கள் பயணம் செய்யாவிட்டாலும், அவர்களுக்கு ஏதாவது ஆகி நீங்கள் பயணத்தை ரத்து செய்தால் அதற்கும் பல பாலிசிகள் பொறுப்பேற்கும். ஆனால் பாலிசி எடுக்கும்போதே அப்பா காரணம் தெரியாத மூச்சுத்திணறலோடு பரிசோதனையில் இருந்தார் என்றால் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். சிலர் நெருங்கிய உறவினர் உடல்நிலையைப் பற்றியும் கேட்கிறார்கள். 'அப்பாவுக்கு என்ன, எழுபத்தைந்து வயதிலும் ஓடியாடித் திரிகிறார்' என்று பெருமையில் சொல்லிவிடாமல், ஊருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு ஒரு சகாயம் உண்டு. 2021 முதல் வழங்கப்படும் ஜிஹிக் (GHIC) என்ற மருத்துவ அட்டை, அங்குள்ள அரசு மருத்துவமனைகளில் அவசியமான சிகிச்சையை உள்ளூர்க்காரர்களுக்குக் கிடைக்கும் அதே நிபந்தனையில் வாங்கித் தரும். ஏற்கெனவே உள்ள நோய், பெயர் தெரியாத நோய் என்ற பேதம் அதற்கு இல்லை. பிரிட்டனில் வசிப்பவர்களுக்கு என்.எச்.எஸ். இணையதளத்தில் இலவசம், பணம் கேட்கும் தளங்கள் எல்லாம் இடைத்தரகர்கள். விசாவில் இருப்பவர்கள் தகுதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நோயாளியைப் பிரிட்டனுக்குத் திருப்பிக் கொண்டுவரும் செலவு இதில் வராது. தனியார் மருத்துவமனையும் வராது. இந்தியா, இலங்கைக்கு இது செல்லாது.

கோரிக்கையை மறுத்தால்

'ஏற்கெனவே இருந்த நோய்' என்று ஒரே வரியில் மறுத்துக் கடிதம் வரலாம். உடனே மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: எந்தக் கேள்விக்கு என் பதில் தவறு என்கிறீர்கள், அந்தக் கேள்வி விற்பனையின்போது எந்த வார்த்தைகளில் கேட்கப்பட்டது, உண்மை தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்பதற்கு ஆதாரம் என்ன. கேள்வி தெளிவாகக் கேட்கப்படவில்லை என்றால் பாதி வழக்கு உங்கள் பக்கம். ஆறு மாதம் கழித்துக் கண்டுபிடிக்கப்பட்ட நோயை வைத்துக்கொண்டு, அன்றைக்கே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்வதும் எடுபடாது. அன்று உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது என்பதுதான் கணக்கு.

முறையாகப் புகார் கொடுத்தால் எட்டு வாரத்துக்குள் இறுதிப் பதில் தர வேண்டும். தராவிட்டாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ, நிதிக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்துக்குப் போகலாம். கட்டணமில்லை, வக்கீல் தேவையில்லை. இறுதிப் பதில் கடிதத்தின் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் போய்விட வேண்டும். புகார்ப் படிவத்தோடு அந்த ஒற்றைத் தாளையும், திருத்தி வாங்கிய மின்னஞ்சலையும், அழைப்பு நேரம் குறித்த சீட்டையும் சேர்த்து அனுப்புங்கள்.